மண்டபத்துக்கு இலட்சங்கள், முன்பணத்துக்கு வெறுங்கை

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்பது தமிழரின் முதுமொழி. இவ்விரண்டில் எது முதலில் வரவேண்டும் என்பதை அம்மொழியே வரிசைப்படுத்தி வைத்துள்ளது. டென்மார்க்கில் வாழும் ஈழத்தமிழ்ச் சமூகம் அந்த வரிசையை மெல்ல மெல்லத் தலைகீழாக்கிவிட்டது. கலியாணம் பெருமண்டபத்தில் ஆயிரம் பேர் முன்னிலையில் நடந்தேறுகின்றது. மணமக்களோ அடுத்த மாதமே வங்கி ஆலோசகரின் முன்னால் வெறுங்கையோடு அமர்ந்திருக்கின்றனர்.

இது ஓரிரு குடும்பங்களின் தனிப்பட்ட சிக்கல் அன்று. முதல் வீட்டுக்கான முன்பணம் என்னும் ஒற்றைத் தொகை இன்று டென்மார்க் தமிழரின் இரண்டாம் தலைமுறையை இரு கூறாகப் பிரித்துக்கொண்டிருக்கின்றது. அத்தொகையைப் பெற்றோரின் துணையோடு திரட்டியவர்கள் ஒரு புறம்; திரட்ட முடியாமல் வாடகைக்கு வாடகை மாறுபவர்கள் மறுபுறம். இந்தப் பிளவுக்கு டெனிஷ் அரசும் வங்கிகளும் ஓரளவு காரணம். ஆனால் பெரும் பங்கு பொறுப்பு இச்சமூகத்தின் செலவுப் பழக்கத்தின் மீதே விழுகின்றது என்பதைக் கசப்பாயினும் சொல்லியே ஆகவேண்டும்.

வந்த வழி

1983 ஆடிக் கலவரத்தின் பின்னர், 1980களின் நடுப்பகுதியில் தமிழ் ஏதிலிகள் டென்மார்க்கை வந்தடைந்தனர். அவர்களை டெனிஷ் அகதிகள் அமைப்பு நாடெங்கும் பரவலாகக் குடியமர்த்தியது. யூலண்ட் தீபகற்பத்தின் கேர்னிங், கொல்ஸ்ரபுரோ, ஸ்ரூவர், பிரண்டா போன்ற சிறு நகரங்களில் தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றிய கதை அவ்வாறுதான் தொடங்கியது. தொழிற்சாலைகளிலும் துப்புரவுப் பணிகளிலும் இரவு பகலாக உழைத்தார்கள்.

அத்தலைமுறைக்குக் குடும்பம் என்பதே ஒரு போராட்டமாக இருந்தது. 1987இல் அன்றைய நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன் தமிழ் ஏதிலிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைச் சட்டத்துக்குப் புறம்பாக முடக்கி வைத்தார். மனைவியும் பிள்ளைகளும் போர்ச்சூழலில் சிக்கியிருக்க, கணவன்மார் இங்கே காத்திருந்தனர். அது குறித்த விசாரணை அறிக்கை 1993 சனவரியில் வெளியானபோது பிரதமர் பௌல் ஸ்லூற்றர் பதவி விலக நேர்ந்தது. 1995இல் சிறப்பு நீதிமன்றம் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. டெனிஷ் அரசியல் வரலாற்றில் 'தமிழர் வழக்கு' என்றே அது பதிவாகியுள்ளது.

இத்தனைக்கும் நடுவே அந்த முதல் தலைமுறையில் பலர் சிறு நகரங்களில் சொந்த வீடு வாங்கினார்கள். அங்கே விலை குறைவாக இருந்தது. இருவர் தொழிற்சாலைச் சம்பளத்தில் ஒரு வீட்டைத் தாங்க முடிந்தது. ஆனால் அவர்களின் பிள்ளைகள் பொறியியலாளராகவும் மருத்துவராகவும் தாதியராகவும் கணக்காளராகவும் படித்து முடித்துப் பெரும்பாலும் கொப்பன்கேகனிலும் ஓகூசிலும் வேலை தேடுகின்றனர். பெற்றோர் கேர்னிங்கில் ஒரு முழு வீட்டுக்குக் கொடுத்த விலைக்கு அங்கே ஓர் அறையும் கிடையாது.

கணக்கு என்ன சொல்கிறது?

டென்மார்க்கின் வீட்டுக்கடன் முறை உலகின் மிகப் பழைய முறைகளுள் ஒன்று. 1795இல் கொப்பன்கேகன் தீயில் எரிந்தபின், நகரை மீளக் கட்டுவதற்காக 1797இல் முதல் வீட்டடைமான நிறுவனம் தோன்றியது. இன்று 'ரியால்கிரடிற்' எனப்படும் இந்த அடைமானக் கடன் வீட்டின் விலையில் 80 விழுக்காடு வரை கிடைக்கும். 30 ஆண்டுகள் வரை கட்டலாம். அதற்கு மேற்பட்ட 15 விழுக்காட்டை வங்கி கூடிய வட்டிக்குக் கடனாகத் தரும். எஞ்சிய 5 விழுக்காட்டை வாங்குபவரே தன் கையிலிருந்து போட வேண்டும். 2015 நவம்பர் முதல் நடைமுறையிலுள்ள பொது விதி இதுவே.

முப்பது இலட்சம் குரோணர் பெறுமதியான ஓர் அடுக்குமாடி வீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அடைமானக் கடன் 24 இலட்சம். வங்கிக் கடன் 4 இலட்சத்து 50 ஆயிரம். சொந்த முன்பணம் 1 இலட்சத்து 50 ஆயிரம். உறுதிப் பதிவுக்கு விலையில் 0.6 விழுக்காடாக 18,000 குரோணரும் நிலையான கட்டணமும் தனி. அடைமானப் பதிவு, வழக்கறிஞர், வங்கிக் கட்டணம், குடிபெயர்வு ஆகியவற்றையும் கூட்டினால் கையில் இரண்டு இலட்சத்துக்குக் குறையாமல் இருப்பதே நல்லது.

மாதம் 2,500 குரோணர் ஒதுக்கினால் 60 மாதங்களில் 1 இலட்சத்து 50 ஆயிரம் சேரும். படித்து வேலை பார்க்கும் இருவருக்கு இது எட்டாத தொகை அன்று. அப்படியிருக்க ஏன் சேர்வதில்லை?

விடை கடன் பக்கத்தில் இருக்கின்றது. 2016இல் டெனிஷ் நிதி மேற்பார்வை நிறுவனம் கொப்பன்கேகன், ஓகூஸ் பகுதிகளுக்கென ஒரு வழிகாட்டலை வெளியிட்டது. குடும்பத்தின் மொத்தக் கடன் அதன் ஆண்டு வருமானத்தின் நான்கு மடங்கைத் தாண்டினால் வங்கி மிகுந்த எச்சரிக்கையோடு நடக்க வேண்டும் என்பதே அதன் சாரம். மேற்சொன்ன வீட்டுக்கான கடன் 28 இலட்சத்து 50 ஆயிரம். நான்கு மடங்குக் கணக்கில் அதற்கு வேண்டிய குடும்ப வருமானம் ஆண்டுக்கு 7 இலட்சத்து 12 ஆயிரத்து 500. இந்த வருமானமுள்ள தம்பதியினர் கலியாணத்துக்கு 2 இலட்சமும் மகிழுந்துக்கு 2 இலட்சத்து 50 ஆயிரமும் ஏற்கெனவே கடன்பட்டிருந்தால், வீட்டுக்கென மிஞ்சும் கடன்வெளி 24 இலட்சம் மட்டுமே. அந்த 4 இலட்சத்து 50 ஆயிரம்தான் பிறக்கப்போகும் பிள்ளையின் அறை. அது மண்டப அலங்காரத்திலும் படப்பிடிப்பிலும் முன்கூட்டியே செலவழிந்துவிட்டது.

ஆக, ஒரு விழாக் கடன் இருமுறை அடிக்கின்றது. முதலில் சேமிப்பை உண்கின்றது. பின்னர் கடன் பெறும் தகுதியையும் உண்கின்றது. கட்ட முடியாமற்போய் 'ஆர்.கே.ஐ' எனப்படும் கடன் தவறியோர் பதிவேட்டில் பெயர் ஏறினால், ஐந்து ஆண்டுகள் வரை எந்த வங்கியும் திரும்பிப் பார்க்காது. உறவினரின் கடனுக்காகப் பிள்ளைகளிடம் பிணைக் கையொப்பம் வாங்கும் பெற்றோர் இதனை நன்கு மனத்திற் கொள்ள வேண்டும்.

பண்பாடு என்னும் கேடயம்

இதைச் சொன்னவுடன் எழும் முதல் மறுப்பு பண்பாடு என்பதாகும். சாமத்திய வீடும் கலியாணமும் தமிழரின் அடையாளம், அவற்றைக் குறைக்கச் சொல்வது வேரை வெட்டுவதாகும் என்பர். இவ்வாதம் வரலாற்றை அறியாத வாதம்.

யாழ்ப்பாண மரபில் கலியாணத்துக்கு முன்னரே வீடு எழுந்தது. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டம், பெண்ணுக்குச் செல்லும் சீதனச் சொத்தைத் தனிவகையாகவே வைத்துப் பேசுகின்றது. மகள் வளர வளரக் காணியும் வீடும் அவள் பெயரில் ஒதுக்கப்பட்டன. கிணறு வெட்டி, மதில் கட்டி, ஓடு போட்ட பின்னரே பந்தல் போடப்பட்டது. சீதனம் என்னும் பெயரில் பெண் வீட்டாரைப் பிழிந்த கொடுமை கண்டிக்கத்தக்கது. அதனை மீண்டும் கொண்டுவரவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. ஆனால் கூரை முதலில், கொண்டாட்டம் பின்னர் என்ற அறிவு அந்த மரபுக்குள் இருந்தது. புலம்பெயர்ந்தோர் கொடுமையை ஓரளவு கைவிட்டார்கள். அதனோடு அறிவையும் கைவிட்டார்கள். உலங்குவானூர்தியில் வந்திறங்கும் மணமகனும் ஆளுயரக் கேக்கும் எந்தப் பண்பாட்டு நூலிலும் இல்லை. அவை அண்டை வீட்டாரின் படத்தொகுப்பிலிருந்து வந்தவை.

அன்பளிப்புக் கடித உறைகளில் செலவு திரும்பி வந்துவிடும் என்பது இரண்டாவது மறுப்பு. உறையில் வருவது வருமானம் அன்று, அது கடன். தந்தவர் வீட்டு விழாவில் அதே தொகையை, சில வேளைகளில் அதைவிடக் கூட்டி, திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும். மண்டபக்காரருக்கும் சமையற்காரருக்கும் படப்பிடிப்பாளருக்கும் போன பணம் மட்டும் திரும்புவதில்லை.

சீட்டும் வங்கியும்

முன்பணம் சேர்ப்பதற்குச் சீட்டு இருக்கிறதே என்பர் சிலர். சீட்டின் பெருமையை மறுப்பதற்கில்லை. வங்கியின் மொழி புரியாத காலத்தில் விமானச் சீட்டுக்கும் தங்கையின் கலியாணத்துக்கும் கைகொடுத்தது அதுவே. மாதந்தோறும் தவறாமல் பணம் கட்டும் ஒழுங்கை அது கற்றுத் தந்தது.

ஆனால் வீட்டு முன்பணத்துக்குச் சீட்டு பொருந்தாது. கழிவுச் சீட்டில் அவசரத்துக்கு முதலில் எடுப்பவர் பெருந்தொகையைக் கழிவாக இழக்கின்றார். சீட்டுப் பிடிப்பவர் தலைமறைவானால் முறையிட இடமில்லை. வங்கி முறிந்தாலோ ஒருவரது வைப்புக்கு ஒரு இலட்சம் யூரோ வரை டென்மார்க்கின் வைப்புக் காப்பு நிதி பொறுப்பேற்கும். அனைத்திலும் முக்கியமானது பணத்தின் மூலம். டான்ஸ்க வங்கியின் எஸ்தோனியக் கிளையூடாக 2007 முதல் 2015 வரை பாய்ந்த ஐயத்துக்குரிய பணம் பற்றிய ஊழல் 2018இல் முழுமையாக வெளிப்பட்ட பின்னர், டெனிஷ் வங்கிகள் ஒவ்வொரு தொகையும் எங்கிருந்து வந்தது என்று துருவிக் கேட்கின்றன. ஒரு இலட்சம் குரோணர் தாளாகக் கொண்டுவந்து "இது சீட்டுக் காசு" என்றால் கணக்காளர் தலையசைக்க மாட்டார். ஆறு ஆண்டுகளாக மாதம் 2,000 வீதம் சம்பளக் கணக்கிலிருந்து சேமிப்புக் கணக்குக்குப் போன பதிவைக் காட்டினால் வேறு பேச்சே இல்லை. அந்தப் பதிவு வெறும் பணமன்று. கடன் கட்டக்கூடியவர் என்பதற்கான சான்றிதழ்.

இவ்விடத்தில் டெனிஷ் மக்களின் சொந்த வரலாறு ஒன்றை நினைவுகூர்வது பொருத்தம். 1853இல் கொப்பன்கேகனில் பரவிய வாந்திபேதி ஏறத்தாழ 5,000 பேரைக் கொன்றது. நெரிசலான குடியிருப்புகளே கொள்ளை நோயின் கூடாரமாயின. 1865இல் பர்மைஸ்ரர் அன்ட் வெய்ன் தொழிற்சாலைத் தொழிலாளர்கள், மருத்துவர் உல்ரிக் என்பாரின் தூண்டுதலோடு, தொழிலாளர் கட்டடச் சங்கத்தை நிறுவினர். உறுப்பினர்கள் வாரந்தோறும் சிறு தொகை கட்டினர். கட்டி முடிந்த வீடுகள் குலுக்கல் முறையில் உறுப்பினருக்குக் கிடைத்தன. இது குலுக்குச் சீட்டேயன்றி வேறென்ன? ஒரே வேறுபாடு, அவர்கள் அதைப் பதிவு செய்யப்பட்ட சங்கமாக, கணக்கு வழக்கோடு, வீடு என்னும் ஒரே நோக்கத்துக்காக நடத்தினார்கள். அவர்கள் கட்டிய 'உருளைக்கிழங்கு வரிசைகள்' என்னும் தெருக்களின் வீடுகள் இன்று கொப்பன்கேகனின் மிக விலையுயர்ந்த வீடுகளுள் அடங்கும். இரும்புத் தொழிலாளர்களால் முடிந்தது பட்டம் பெற்ற தமிழ் இளையோரால் முடியாதா?

வாடகை வீடே போதுமா?

டென்மார்க்கின் பொது நலன்சார் வாடகை வீடுகள் தரமானவை. சொந்த வீட்டுக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்போரும் உளர். நியாயமான கேள்வியே. 2006இல் உச்சத்துக்குப் போன வீட்டு விலைகள் பின்னர் சரிந்தபோது, முன்பணம் இன்றி முதல் கட்டாக் கடனில் வீடு வாங்கியவர்கள் வீட்டின் பெறுமதியைவிடக் கூடிய கடனோடு திண்டாடினர். எனவே எவரும் எந்த விலைக்கும் வீடு வாங்கியே தீரவேண்டும் என்பது வாதமன்று.

ஆயினும் வாடகை வீடு நிலையான பாதுகாப்பு என்ற நம்பிக்கையை 2018 தகர்த்துவிட்டது. அவ்வாண்டு கொண்டுவரப்பட்ட 'இணைச் சமூக' சட்டங்கள், 'மேற்கத்தியரல்லாதோர்' பாதிக்கு மேல் வாழும் குறிப்பிட்ட குடியிருப்புகள் மீது பாய்ந்தன. அவற்றுட் சிலவற்றில் நலன்சார் குடும்ப வீடுகளின் பங்கை 2030க்குள் 40 விழுக்காடாகக் குறைக்க வேண்டும் என்று கட்டளையிடப்பட்டது. ஓகூசின் கெல்லரூப், ஓடென்சேயின் வொல்ஸ்மோச, கொப்பன்கேகனின் மியோல்னர்பார்க்கன் ஆகியவை இதன் களங்கள். வாடகையை ஒழுங்காகக் கட்டியவர்களும் வெளியேற நேர்ந்தது. அரசின் வகைப்பாட்டில் இலங்கையிற் பிறந்தவரும் 'மேற்கத்தியரல்லாதோர்'. டென்மார்க்கிற் பிறந்த அவர்தம் பிள்ளைகளும் அவ்வாறே எண்ணப்படுகின்றனர்.

அதே 2018இன் விதிகளின்படி, வெளிநாட்டிலுள்ள வாழ்க்கைத் துணையை அழைக்க விரும்புபவர் அத்தகைய பட்டியலிடப்பட்ட பகுதியில் குடியிருத்தலாகாது. 1987இல் அமைச்சரின் மேசையில் முடங்கிய குடும்ப இணைவு, இன்று முகவரியில் முடங்குகின்றது. வீடு என்பது வெறும் சொத்து அன்று. கணவனும் மனைவியும் ஒன்றாக வாழும் உரிமையோடு அது பிணைக்கப்பட்டுவிட்டது. பிறப்பிடத்தை வைத்து மக்களை எண்ணும் இந்தச் சட்டம் அநீதியானது. அதனை எதிர்த்துக் குரல் கொடுக்க வேண்டும். அதேபோன்று, சிறு நகரங்களில் வீடு வாங்குவோருக்குக் கடன் தரத் தயங்கும் அடைமான நிறுவனங்களையும் கேள்வி கேட்க வேண்டும். யூலண்டின் ஒதுக்குப்புறங்களில் வேரூன்றிய தமிழரை இது நேரடியாகத் தாக்குகின்றது. ஆனால் சட்டம் மாறும்வரை முன்பணம் காத்திருக்காது.

தாயகத்துக்கு அனுப்பும் பணம் என்ற கேள்வியும் உண்டு. போரால் நொந்த உறவுகளுக்கு உதவுவது கடமை. அதில் ஒரு சதமும் குறையலாகாது. ஆனால் உதவி வேறு, கொழும்பில் பூட்டிக் கிடக்கும் அடுக்குமாடி வீடு வேறு. கூடிய வட்டிக்காக இலங்கை வங்கிகளில் ரூபாயாக வைப்பிட்டவர்கள் 2022இல் என்ன கண்டார்கள்? சில வாரங்களில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தொட்டது. பிள்ளையின் முன்பணம் கண்முன்னே கரைந்தது. வலிகாமம் வடக்கில் 1990இல் இடம்பெயர்ந்தவர்களுள் உறுதி கையில் இருந்தும் காணியைக் காணாதவர்கள் இன்றும் உளர். வீட்டை இழப்பதன் வலியை இச்சமூகத்துக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதனாலேயே பிள்ளைகளின் கூரையை அது இலேசாக எண்ணலாகாது.

செய்ய வேண்டியது

முதலாவது, பிள்ளை பிறந்தவுடன் 'போர்ன ஒப்ஸ்பாரிங்' எனப்படும் பிள்ளைச் சேமிப்புக் கணக்கைத் திறக்க வேண்டும். ஆண்டுக்கு 6,000 குரோணர் வரை, மொத்தம் 72,000 வரை இதில் இடலாம், வட்டிக்கு வரியில்லை. மாதம் 500 வீதம் பன்னிரண்டு ஆண்டுகளில் அது நிறையும். முப்பது இலட்ச வீட்டு முன்பணத்தின் ஏறத்தாழப் பாதி, சாமத்திய வீட்டுக்கு மண்டபம் தேடும் வயதிலேயே தயாராகிவிடும். பிறந்தநாள் உறைகள் அக்கணக்குக்கே போகட்டும்.

இரண்டாவது, பெற்றோர் கொடுப்பதை வங்கி வழியாக, எழுத்தில் கொடுக்க வேண்டும். 2025இல் தாயோ தந்தையோ ஒரு பிள்ளைக்கு 76,900 குரோணர் வரை வரியின்றி அன்பளிப்பாக வழங்கலாம். இருவருமாக 1 இலட்சத்து 53 ஆயிரத்து 800. அதாவது மேற்சொன்ன வீட்டின் முழு முன்பணமும் ஒரே ஆண்டில், ஒரு சதம் வரியின்றி. அதற்கு மேல் தேவையெனில், கேட்டவுடன் திருப்பித் தரும் நிபந்தனையோடு கடன் பத்திரம் எழுதி வட்டியில்லாக் குடும்பக் கடனும் கொடுக்கலாம். மகனுக்கும் மகளுக்கும் சமமாகக் கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மூன்றாவது, இளையோர் அவசரப்படலாகாது. 'அன்டேல்ஸ்போலி' எனப்படும் கூட்டுரிமை வீடு விலை குறைவாகத் தோன்றும். சங்கத்தின் கடன் எவ்வளவு, வட்டி எவ்வகை என்று ஆண்டறிக்கையைப் படித்த பின்னரே கையொப்பமிட வேண்டும். கொள்வனவு ஒப்பந்தத்தில் வழக்கறிஞரின் ஒப்புதல் நிபந்தனையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சொந்த வீட்டு ஒப்பந்தத்தில் மனம் மாறினால் ஆறு வேலைநாட்களுக்குள், விலையில் ஒரு விழுக்காட்டைக் கொடுத்து விலகும் உரிமை உண்டு என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

நான்காவது, ஆலயங்களும் தமிழ்ப் பாடசாலைகளும் விளையாட்டுக் கழகங்களும் ஆண்டுக்கு ஒரு மாலையையேனும் இதற்கு ஒதுக்க வேண்டும். வீடு வாங்கியவர்கள், வங்கிகளில் பணியாற்றும் தமிழ் இளையோர், வழக்கறிஞர்கள் ஆகியோரை அழைத்துத் தமிழிலும் டெனிஷ் மொழியிலும் விளக்கம் அளிக்கலாம். திருவிழாவுக்கும் கலைவிழாவுக்கும் நிதி திரட்டத் தெரிந்த அமைப்புகளுக்கு இது பெரிய வேலையன்று.

விழாவே வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. ஆயிரம் பேருக்குப் பதில் இருநூறு பேர் போதும். மிஞ்சும் தொகையை மணமக்களின் சேமிப்புக் கணக்கில் இட்டு, அதை அழைப்பிதழிலேயே அறிவிக்கும் துணிவு சில பெற்றோருக்கு வந்தால், மற்றவர்களும் அவ்வழியே வருவர். ஏதிலியாக வந்திறங்கிய தலைமுறை பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான நாட்டைத் தேடித் தந்தது. அந்நாட்டில் அவர்களுக்கென ஒரு கதவும் ஒரு திறப்பும் கிடைப்பதற்கு இனிக் குறுக்கே நிற்பது கடலோ எல்லையோ அன்று; ஒரு மாலைப் பொழுதின் ஆடம்பரம் மட்டுமே.